கேட்குமுன் கொடுப்பவர்: கிறிஸ்தவர்கள் சொல்லும் இறையருள் பற்றி

வட இலங்கையின் வன்னியில் ஒரே வாய்க்கால் தண்ணீரில் கமம் செய்கிற சைவக் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் ஏராளம். கலியாணம், செத்தவீடு எல்லாம் ஒன்றாகத்தான். மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்குப் போகிற பஸ்ஸில் திருநீறு பூசிய நெற்றிகளையும் பார்க்கலாம். இவ்வளவு நெருங்கி வாழ்ந்தும் ஓர் இடத்தில் மட்டும் பேச்சு முட்டி நின்றுவிடும். "உங்கட ஆண்டவர் சும்மா குடுக்கிறார் எண்டு சொல்லுறியள். சும்மா ஆர் குடுப்பினம்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கிறிஸ்தவர்களுக்குள்ளும் இதே கேள்வி இருக்கிறது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களிலும் பலர், கடவுளிடம் ஒன்றை வாங்குவதற்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்றே உள்ளூர நினைக்கிறார்கள். அதனால் அடியிலிருந்தே சொல்கிறேன்.

கத்தோலிக்கர் இதை அருள் என்பார்கள்; மற்றச் சபைகளில் கிருபை என்பார்கள். வாங்குகிறவர் நல்லவரா கெட்டவரா என்று பாராமல், திரும்பக் கிடைக்கும் என்ற எண்ணமும் இல்லாமல், கடவுள் தாமாக முன்வந்து மனிதருக்குக் கொடுக்கிறார். கடைசியில் இயேசு கிறிஸ்துவில் தம்மையே கொடுத்துவிட்டார். கிறிஸ்தவ நம்பிக்கையின் அத்திவாரம் இதுதான். பத்துக் கட்டளை, செபம், நோன்பு, தானம் எல்லாம் இதன்மேல் கட்டப்பட்டவை. அத்திவாரத்தை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் பார்த்தால், கிறிஸ்தவம் வெறும் கட்டுப்பாடுகளின் மூட்டையாகவே தெரியும்.

மழை யாருக்குப் பெய்கிறது

இதை விளக்க இயேசு எடுத்துக்கொண்டது மழையை. கடவுள் "தீயோர்மேலும் நல்லோர்மேலும் தமது சூரியனை உதிக்கப்பண்ணி, நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார்" என்று மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். பகைவரையும் நேசியுங்கள் என்று சொன்ன கையோடு, ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணமாகவே மழையைக் காட்டுகிறார்.

மானாவாரிக் காணி வைத்திருக்கிறவருக்கு இது உடனே பிடிபடும். கார்த்திகை, மார்கழியில் மழை இறங்கினால், அறாவட்டிக்குக் காசு கொடுக்கிறவரின் பத்து ஏக்கரிலும் விழும். அவரிடம் தாலிக்கொடியை ஈடு வைத்தவளின் அரை ஏக்கரிலும் விழும். கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தை நிரப்பும்போது யாருடைய வயலுக்குப் போகிறேன் என்று விசாரித்துக்கொண்டு வருவதில்லை. கட்டுக்கரைக் குளத்துக்குத் தண்ணீர் தருகிற அருவியாறும் அப்படித்தான். நல்லவனுக்கு மட்டும் பெய்யும் மழை என்று ஒன்று இருந்தால், வன்னியில் எத்தனை வயல் விளையும் என்று யோசித்துப் பாருங்கள்.

விவிலியத்தின் முதல் பக்கமே இந்த ஒழுங்கில்தான் போகிறது. ஒளி, நிலம், விதை தரும் செடி, கனிமரம் எல்லாம் ஆயத்தமான பிறகே மனிதர் வருகிறார்கள். வந்தவர்களின் காதில் முதலில் விழுவது ஆசீர்வாதம். அடுத்து விழுவது, இவை உங்களுக்கு உணவாகட்டும் என்ற சொல். ஒரு வேலையும் செய்து காட்டுமுன்னரே சாப்பாடு போட்டாயிற்று. பிற்காலத்தில் இயேசுவின் தூதரான பவுல், கொரிந்து நகரத்துச் சபையில் பெருமை பேசித் திரிந்தவர்களிடம், "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று கேட்டார். பதில் சொல்லிப் பார்த்தால் நாக்கு நின்றுவிடும். மூச்சு, முதல் குடித்த பால், பேசுகிற மொழி, நம்மைத் தூக்கி நடந்த தோள், எல்லாமே வாங்கியவைதான்.

"அப்ப நாங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லையோ?" என்று அடுத்த கேள்வி வரும். குளக்கட்டு உடைந்து கிடந்தால் பெய்த மழை முழுவதும் கடலுக்கு ஓடிவிடும். கட்டைத் திருத்தி, துருசு (மதகு) பார்த்து, வாய்க்கால் துப்புரவாக்கிய ஊரே சிறுபோகம் செய்யும். ஆனாலும், கட்டுத் திருத்தியதற்குச் சம்பளமாக வானம் பெய்தது என்று எந்தக் கமக்காரரும் சொல்லமாட்டார். பவுல் தம் உழைப்பைப் பற்றி இதே பாங்கில் பேசுகிறார்: மற்றெல்லோரையும்விட நான் பாடுபட்டு உழைத்தேன், ஆனாலும் உழைத்தது நானல்ல, என்னோடிருந்த கடவுளின் அருளே என்கிறார். உழைப்பை அவர் மறுக்கவில்லை. அது எங்கிருந்து தொடங்கியது என்பதைத்தான் சொல்கிறார்.

ஐந்து மணிக்கு நின்றவர்

மழையோடு நின்றுவிட்டால் கடவுள் ஏதோ இயற்கை போல, ஆளைத் தெரியாமலே கொடுக்கிறவர் என்று தோன்றும். இயேசு சொன்ன இன்னொரு கதை அதைத் திருத்துகிறது. மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தொடங்குகிறவர்கள் முதலில் வாசிக்க வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம்.

ஒரு தோட்டக்காரர் விடியற்காலையில் சந்தைவெளிக்குப் போய், நாள் கூலி ஒரு தெனாரியம் என்று பேசி ஆட்களைக் கூட்டிவருகிறார். ஒன்பது மணிக்குப் போகிறார், பன்னிரண்டுக்குப் போகிறார், மூன்று மணிக்கும் போகிறார். ஐந்து மணிக்குப் போனபோதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் நாள் முழுக்கச் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்கிறார். "எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை" என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார்.

அந்தப் பதிலில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரசங்கங்களில் இதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். வன்னியில் கூலி வேலை தேடிச் சந்தியில் நிற்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அது வெறும் வசனம் இல்லை. வெட்டு மெசின் வந்த பிறகு அருவி வெட்டுக்கு (நெல் அறுப்புக்கு) ஆள் தேவை குறைந்துபோயிற்று. கச்சான் பிடுங்கவோ களை எடுக்கவோ ஆள் கூட்ட வருகிறவர்கள் இளம் கைகளாகப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். காலில் செல் துண்டு இருக்கிறவர், வயது போனவர், கைக்குழந்தையோடு வந்த பெண், இவர்கள்தான் கடைசிவரை நிற்பார்கள். சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் அது அநியாயம். காலையிலேயே எழும்பி வந்தவர்கள், கூப்பிட ஆளில்லை.

பொழுது சாய்கிறது. கூலி கொடுக்கும் நேரம். ஐந்து மணிக்கு வந்தவர்களைத்தான் தோட்டக்காரர் முதலில் கூப்பிடச் சொல்கிறார். ஆளுக்கு ஒரு தெனாரியம். விடியற்காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் தங்களுக்குக் கூடக் கிடைக்கும் என்று பார்த்திருக்க, அவர்களுக்கும் அதே ஒரு தெனாரியம். முணுமுணுக்கிறார்கள். தோட்டக்காரர் சொல்கிறார்: நண்பா, உனக்கு நான் அநியாயம் செய்யவில்லை, பேசிய கூலியைத் தந்தேன். என் பொருளை என் விருப்பப்படி கொடுக்கக் கூடாதா? நான் நல்லவனாக இருப்பதால் உனக்குப் பொறாமையா?

ஒரு தெனாரியம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. ஒரு வீட்டு அடுப்பு ஒரு நாள் எரிவதற்கு வேண்டிய அளவு. ஒரு மணித்தியாலம் வேலை செய்தவனின் பிள்ளைக்கும் இரவுச் சாப்பாடு முழுதாகத்தான் வேண்டும். தோட்டக்காரர் மணிக்கணக்கைப் பார்த்திருந்தால் அந்த வீட்டில் அன்றிரவு பானை பாதிதான் வெந்திருக்கும். அவர் பானையைப் பார்த்துக் கொடுத்தார். கடவுள் இப்படித்தான் கொடுக்கிறார் என்பது இயேசுவின் சொல். உழைத்தவனின் கூலியில் ஒரு சதமும் குறைக்கவில்லை, கூப்பிடப்படாதவனைப் பட்டினி போடவும் இல்லை.

பொதுவாக நாம் கொடை என்று கேட்டால் நினைப்பது வேறு. இங்கே பலருக்கு நிவாரண வரிசைதான் ஞாபகம் வரும். குடும்ப அட்டையோடு நின்றது, வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி போட்டது, பெயர்ப்பட்டியலில் தன் பெயர் இல்லாமல் திரும்பியது, பதாகைக்கு முன்னால் அரிசிப் பையைப் பிடித்தபடி படத்துக்கு நிற்கச் சொன்னது. உதவி செய்தவர்களுக்கு நன்றி உண்டு. ஆனால் வாங்கிய கை கூசியதையும் மறக்க முடியவில்லை. யாக்கோபு எழுதிய திருமுகத்தின் முதல் அதிகாரத்தில் ஒரு வரி இருக்கிறது: கடவுள் எல்லோருக்கும் தாராளமாகக் கொடுக்கிறவர், யாரையும் கடிந்துகொள்ளாமல் கொடுக்கிறவர். அந்த இரண்டாவது பாதி எங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. வாங்குகிறவரைக் கூனவைக்காமல் கொடுக்கத் தெரிந்தவர் கடவுள்.

எப்படிக் கூனவைக்காமல் கொடுத்தார் என்பதற்குக் கிறிஸ்தவர்கள் காட்டுவது இயேசு பிறந்த பெத்லகேமை. மேலே நின்று இறைத்துவிட அவருக்கு மனம் வரவில்லை, இறங்கியே வந்தார். மாட்டுத் தீவனத் தொட்டியில் கிடந்தார், தச்சன் வீட்டில் வளர்ந்தார், கடைசியில் இரண்டு குற்றவாளிகளுக்கு நடுவே அறையப்பட்டார். செல்வராக இருந்தும் உங்களுக்காக ஏழையானார் என்று பவுல் இதைச் சொல்கிறார். வரிசையில் நிற்கிறவனோடு வரிசையில் வந்து நின்ற ஒருவரிடம் வாங்கும்போது கை கூசாது.

வேலைக்காரனாகச் சேர வந்த மகன்

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மகனின் கதை பலருக்கும் தெரியும். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே தன் பங்கைப் பிரித்து வாங்கிப்போய், தூரதேசத்தில் அழித்துவிட்டு, பன்றி மேய்த்து, பசியில் வீடு திரும்புகிற இளைய மகன். தெரிந்த கதைதான் என்றாலும் அதில் ஒரு சின்ன இடம் கண்ணில் படாமல் போய்விடும்.

வழியிலேயே அவன் பேச வேண்டியதை ஆயத்தம் செய்துகொள்கிறான்: அப்பா, கடவுளுக்கும் உமக்கும் எதிராகப் பாவம் செய்தேன், இனி உம் மகன் எனப்படத் தகுதியற்றவன், உம் கூலியாட்களில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும். தூரத்தில் கண்டதும் தகப்பன் ஓடிவருகிறார், கட்டிப்பிடிக்கிறார். மகன் சொல்லத் தொடங்குகிறான். பாவம் செய்தேன், தகுதியற்றவன் என்பதுவரை வருகிறது. கூலியாளாக வைத்துக்கொள்ளும் என்ற கடைசி வாக்கியத்தைச் சொல்லத் தகப்பன் விடவில்லை. அதற்குள் வேலைக்காரரைக் கூப்பிட்டு, நல்ல உடுப்பு கொண்டுவா, மோதிரம் போடு, காலுக்குச் செருப்பு போடு என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

மூத்தவனைக் கவனியுங்கள். வயலிலிருந்து வந்தவன், வீட்டில் ஆட்டம்பாட்டம் கேட்டு, உள்ளே வர மறுக்கிறான். இத்தனை வருடம் அடிமை போல வேலை செய்தேன், நண்பர்களோடு கொண்டாட ஓர் ஆட்டுக்குட்டி தந்தீரா என்று கேட்கிறான். ஓடிப்போனவன் கூலியாளாகச் சேர வந்தான். வீட்டிலிருந்தவனோ இத்தனை காலமும் கூலியாள் போலத்தான் இருந்திருக்கிறான். இருவருமே தகப்பனிடம் கூலிக் கணக்குத்தான் பேசுகிறார்கள். தகப்பனுக்கு அந்தக் கணக்கே இல்லை. மகனே, நீ எப்போதும் என்னோடு இருக்கிறாய், என்னுடையதெல்லாம் உன்னுடையதே என்கிறார். ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள் மூத்தவனின் பக்கத்தைத்தான் அடிக்கடி வாசிக்க வேண்டும்.

பவுல் இதையே கோட்பாடாகச் சொன்னார்: நாம் பாவிகளாக இருந்தபோதே கிறிஸ்து நமக்காக இறந்தார். திருந்திய பிறகு என்று சொல்லவில்லை. எபேசியருக்கு எழுதும்போது, "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்றார். கைக்குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கிற சபைகளில் இதைக் கண்ணாலே பார்க்கலாம். அந்தக் குழந்தை ஒரு புண்ணியமும் செய்யவில்லை, ஒரு செபமும் சொல்லவில்லை. பாதி நேரம் அழுதுகொண்டே இருக்கும். அதன் தலையில்தான் தண்ணீரை வார்த்து, நீ கடவுளின் பிள்ளை என்கிறார்கள். வளர்ந்து விசுவாசித்த பிறகே ஞானஸ்நானம் என்கிற சபைகளும் கிருபை முந்தியது என்பதில் ஒன்றுபடுகின்றன.

இந்த ஒற்றுமை சும்மா வரவில்லை. மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக முடியும் என்ற பெலாஜியுஸின் போதனையை எதிர்த்து, வட ஆபிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன் (354–430) வருடக்கணக்காக எழுதினார். 1517இல் ஜெர்மன் துறவி லூத்தர் தொடங்கிய கத்தோலிக்க–சீர்திருத்தச் சபைப் பிளவின் நடுவிலும் இந்தக் கேள்விதான். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த, சீர்திருத்தச் சபையினரான ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். 1670 அளவில் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தோடு காட்டுக்குள் தஞ்சம் புகுந்தவர்களால்தான் மடு உருவானது. அந்த வகையில் மடுக் கோயிலும் ஐரோப்பாவில் மூண்ட அந்தச் சண்டையோடு தொடர்புள்ளதுதான். 1999 ஒக்டோபர் 31ஆம் திகதி ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள்: நம் தகுதியால் இல்லை, அருளாலேயே கடவுள் நம்மை ஏற்கிறார் என்று. 2006இல் மெதடிஸ்த சபையினரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி சபைக்கும் போய், இதை வைத்தே முகம் பாராமல் இருக்கிற குடும்பங்களுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை என்பது எனக்குக் கவலை.

நேர்த்தியும் பேரமும்

மடுவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நேர்த்தியோடுதான் வருகிறார்கள். பிள்ளைக்குச் சுகம் வந்தால் நடந்து வருகிறேன், மெழுகுதிரி கொளுத்துகிறேன் என்று வைத்த நேர்த்தி. இது பிழையா என்று கேட்டால், பிழையில்லை என்றே சொல்வேன். நன்றியை உடம்பால் சொல்வது மனித இயல்பு. விவிலியத்திலும் நேர்த்தி வைத்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளை வரம் கேட்டு அழுத அன்னா அப்படிப்பட்டவள்தான். ஆனால் நேர்த்தி, கடவுளோடு பேசி முடித்த விலை என்று எண்ணத் தொடங்கினால் அங்கே அருள் மறைந்துவிடும். நேர்த்தி செலுத்தாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது நடந்துவிடும் என்று நடுங்குகிற தாய், கடவுளை வட்டிக்காரராக நினைக்கிறாள். அந்தப் பயத்தை அவளுக்குப் போக்காத போதனை நல்ல போதனை இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. மோட்டார் சைக்கிள், வீட்டுக்கு மாபிள், கனடா விசா, இவைதான் ஆசீர்வாதத்தின் அடையாளம் என்று மைக் பிடித்துச் சொல்கிறவர்கள் வன்னிக்கும் வந்துவிட்டார்கள். அப்படியானால் விசா கிடைக்காதவனைக் கடவுள் மறந்துவிட்டாரா? தம் உடம்பிலிருந்த ஒரு முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று முறை கெஞ்சினார். முள் எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் மட்டுமே கிடைத்தது. அந்தப் பதிலுக்கு இடமில்லாத பிரசங்கத்தில் பவுலுக்கே இடமில்லை.

அப்படியென்றால் 2009?

இதைக் கேளாமல் வன்னியில் யாரும் கடவுளின் தாராளத்தைப் பற்றிப் பேச முடியாது. பேசவும் கூடாது. 1999 நவம்பரில் மடுக் கோயிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேலேயே செல் விழுந்து பலர் இறந்தார்கள். பத்து வருடத்தில் முள்ளிவாய்க்கால். செபமாலையைக் கையில் பிடித்தபடி செத்தவர்களும் உண்டு, தேவாரம் சொன்னபடி செத்தவர்களும் உண்டு.

முதலில், கிறிஸ்தவ நம்பிக்கை என்ன சொல்லவில்லை என்பதைத் தெளிவாக்க வேண்டும். இறந்தவர்கள் பாவம் செய்ததால் இறந்தார்கள் என்று அது சொல்லவில்லை. இப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் இருந்தார்கள். இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, எருசலேமில் இருந்த மற்றெல்லோரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்கிறேன் என்றார் (லூக்கா 13). பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா, இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோதும், இவனும் இல்லை, பெற்றோரும் இல்லை என்றே சொன்னார் (யோவான் 9). உயிரோடு தப்பியவர்கள்மேல் கடவுளுக்கு அருள் அதிகம், செத்தவர்கள்மேல் குறைவு என்று பேசுவதும் இதே குற்றம்தான்.

அது சொல்வது என்ன? சிலுவையில் தொங்கியபடி இயேசு, என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கத்தினார். கடவுள் எங்கே என்று கேட்ட குரல்களில் கடவுளின் மகனுடைய குரலும் ஒன்று. ஏன் நடந்தது என்பதற்கு இது விளக்கம் ஆகாது. விளக்கம் என்று யாரும் விற்கவும் கூடாது. கொல்லப்படுகிறவர்களின் பக்கத்தில் கடவுள் தம்மை வைத்தார், மரணத்தையும் அவர்களோடு பகிர்ந்தார், மூன்றாம் நாள் உயிர்ப்பினால் அந்த மரணத்துக்குக் கடைசிச் சொல்லைக் கொடுக்க மறுத்தார்: நம்பிக்கையின் உள்ளடக்கம் இவ்வளவுதான். அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சியைக் கடைசி நாட்களில் பங்கிட்ட கைகளில் கடவுளைக் கண்டோம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்கிற உரிமை அங்கே நின்றவர்களுக்கு மட்டுமே உண்டு.

மன்னிப்பும் கணக்கும்

கடவுள் கொடுக்கும் கொடைகளில் கிறிஸ்தவர்கள் மிகப் பெரிதாக எண்ணுவது மன்னிப்பு. மத்தேயு 18இல் ஓர் அரசருக்கு 10,000 தாலந்து கடன்பட்ட வேலைக்காரன் வருகிறான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். அப்படியானால் அவன் கடன் 6 கோடி நாள் கூலி. ஒரு நாளும் ஓயாமல் உழைத்தாலும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் வருடத்துக்கு மேல் எடுக்கும். எல்லாவற்றையும் திருப்பித் தருகிறேன் என்று அவன் கெஞ்சுவது நடக்காத காரியம். அரசர் முழுக் கடனையும் விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய ஒருவனின் கழுத்தைப் பிடிக்கிறான்.

கதை எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். அரசர் கணக்குப் பார்க்க உட்கார்கிறார். கடன் எவ்வளவு என்பது எல்லோர் முன்னும் சொல்லப்படுகிறது. அதன் பிறகே மன்னிப்பு. தொகையை மூடிமறைத்துவிட்டு மன்னிக்க முடியாது. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு உட்கார்ந்த தாய்மாரிடம், கிறிஸ்தவர் என்றால் மன்னித்து மறந்துவிடுங்கள் என்று சொல்கிறவர், கணக்கைப் பார்க்காமலே கடனை அழிக்கச் சொல்கிறார். எரிக்கோ ஊரின் சக்கேயு என்ற வரி வசூலிப்பவனின் வீட்டுக்கு இயேசு தாமாகப் போனார், அதுவே அருள். அருள் உள்ளே வந்ததும் அவன் எழும்பி நின்று, என் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புகிறேன் என்றான். உண்மையைச் சொல்வதும் எடுத்ததைத் திருப்புவதும் அருளின் விளைச்சல்.

2015 ஜனவரி 14ஆம் திகதி மடுவுக்கு வந்த பாப்பரசர் பிரான்சிஸும் இதே ஒழுங்கில்தான் பேசினார். மனிதரால் செய்யக்கூடிய தீமையை, நாம் செய்த தீமையையும் சேர்த்து, சிலுவையின் வெளிச்சத்தில் உணர்ந்தால்தான் உண்மையான மனவருத்தம் வரும். ஒருவரை ஒருவர் அணுகுகிற அருளும் அப்போதே கிடைக்கும் என்பது அவர் சொன்னதன் சாரம். அதே நாள் காலையில்தான் கொழும்பில் யோசவ்வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்துவிட்டு வந்திருந்தார். ஒல்லாந்தரின் தடை நடந்த 1687இல் கோவாவிலிருந்து ஏழை போல வேடமிட்டு இலங்கைக்குள் வந்தவர் அவர். கண்டியில் அம்மை பரவி, வீட்டாரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, மதம் பாராமல் அவர்களைக் கழுவிப் பராமரித்தார்.

கொடுப்பது பற்றி

"கொடையாகப் பெற்றீர்கள், கொடையாகவே வழங்குங்கள்" என்று இயேசு சீடர்களை அனுப்பினார். பழைய ஏற்பாட்டில் இதற்கு அழகான ஒரு சட்டம் இருக்கிறது. அறுவடையில் வயலோரத்தை முழுக்க வெட்டாதே. மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே. அது அந்நியனுக்கும் தாய்தகப்பன் இல்லாத பிள்ளைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது என்கிறது. எடுக்க வருகிறவள் யாரிடமும் கையேந்தத் தேவையில்லை; தன் கையாலேயே பொறுக்கி எடுப்பாள். மோவாபு நாட்டுப் பெண்ணான ரூத்து அப்படித்தான் பெத்லகேம் வயலில் பிழைத்தாள். சூடடித்த வயலில் கதிர் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்த அம்மாமார் வன்னியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சட்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தசமபாகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் தொடங்குகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள். பத்தில் ஒன்று கொடுக்கிற வழக்கம் பழைய இஸ்ரயேலின் சட்டத்தில் இருந்தது. இன்றும் பல சபைகள் அதைக் கைக்கொள்கின்றன. மனமுவந்து கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும். கொடுத்தால் கடவுள் பத்து மடங்காகத் தருவார் என்று சொல்லி வாங்கினால், திரும்பவும் கூலிக் கணக்குக்கே வந்துவிட்டோம். எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் பணம் சேர்த்தபோது, கடும் வறுமையில் இருந்த மக்கெதோனியச் சபைகளே முந்திக்கொண்டு கொடுத்தன. அவர்களைப் புகழ்ந்த பவுல், கொரிந்தியரை நெருக்கவில்லை. மனவருத்தத்தோடோ கட்டாயத்தாலோ வேண்டாம், அவரவர் தம் மனதில் தீர்மானித்தபடி கொடுங்கள் என்றே எழுதினார். நுண்கடன் தவணைக்கு வழியில்லாமல் வாசலில் ஆள் நிற்கிற வீட்டிலிருந்து யாராவது காணிக்கை கேட்டால், 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தின் 12ஆம் வசனத்தைத் திறந்து காட்டுங்கள். ஒருவரிடம் உள்ளதற்கு ஏற்பவே கடவுள் ஏற்கிறார், இல்லாததைக் கேட்பதில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது.